வீட்டு மேசையிலிருந்து அஞ்சல் பைக்கு: சிறுதொழில் செய்வோருக்கான பார்சல் வழிமுறை

ஊறுகாய், சேலை, சோப்பு, நூல், பொம்மை என எதையேனும் வீட்டிலிருந்தே விற்பவர், அஞ்சல் அலுவலகக் கவுண்டரில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியைத் தம் மேசைக்கே கொண்டுவந்துவிட முடியும். எடை பார்ப்பது, அளவெடுப்பது, முகவரியும் பார்கோடும் அச்சிடுவது, கட்டணம் செலுத்துவது ஆகிய அனைத்தும் இன்று ஒரு கைப்பேசியும் ஒரு சிறு பிரிண்டரும் இருந்தால் வீட்டில் முடியக்கூடியவை. ஆனால் வேலை இடம் மாறும்போது பொறுப்பும் கூடவே இடம் மாறுகிறது என்பதைப் பலர் தொடக்கத்தில் கவனிப்பதில்லை. கவுண்டர் ஊழியர் எடை போட்டால் அந்த எடைக்கு அவர் பொறுப்பு; வீட்டில் அச்சிட்ட லேபிளில் காட்டிய எடைக்கும் அளவுக்கும் பொருள் விவரத்துக்கும் அனுப்புநரே பொறுப்பு. ஆகவே கீழே சொல்லப்படும் படிகளில் பாதிக்கு மேல் பார்சல் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன் நடப்பவை.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

வாரத்துக்கு நாலைந்து பார்சல் அனுப்புபவர், லேபிளை மட்டும் வீட்டில் அச்சிட்டு ஒட்டி, பதிவைக் கவுண்டரிலேயே செய்துகொள்வது போதும். அதற்கு மேல் போனால், இந்திய அஞ்சல் துறையின் இணையவழிப் பதிவையோ, பல கூரியர் நிறுவனங்களின் கட்டணங்களை ஒரே திரையில் காட்டி லேபிளையும் தருகிற ஷிப்ராக்கெட் போன்ற இடைநிலைத் தளங்களையோ நாடலாம். நாள்தோறும் அனுப்புபவர் அஞ்சல் துறையிடம் மொத்த வாடிக்கையாளராகப் பதிந்துகொண்டால், தமக்கென ஒதுக்கப்பட்ட பார்கோடு வரிசையைத் தாமே அச்சிட்டுக்கொள்ளவும், தள்ளுபடி பெறவும் வழியுண்டு. தனியார் கூரியரின் ஆட்கள் எட்டாத சிற்றூர்களுக்கு அஞ்சல் துறையே நம்பகமானது என்பதால், வாடிக்கையாளர்கள் நகரத்திலும் கிராமத்திலும் கலந்திருக்கும் தொழிலில் இரண்டையும் கைவசம் வைத்திருப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இன்னும் பலர் ‘ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறோம்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதுகிறார்கள். பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட் எனப்படும் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. உரியவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கும் பதிவு வசதியும், ஓ.டி.பி. சொன்னால்தான் ஒப்படைக்கப்படும் என்ற வசதியும் இப்போது விரைவு அஞ்சலின் மேல் கூடுதல் கட்டணத்தில் கிடைக்கின்றன. நூல் விற்போருக்குத் தனி வழி ஒன்று உள்ளது. 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரையிலான நூல் பார்சலுக்கு 20 ரூபாயும், அதிகபட்சமாக 5 கிலோவுக்கு 100 ரூபாயும், வரி நீங்கலாக, கட்டணமாகும். கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களே இதில் ஏற்கப்படும். நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். தரைவழியே செல்வதால் நாள் கூடும். சிறுபதிப்பகம் நடத்துவோர் இதை அறியாமல் விரைவு அஞ்சல் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது வீண் செலவு.

பெட்டியும் எடையும்

பார்சலின் கட்டணத்தைத் தராசு மட்டும் தீர்மானிப்பதில்லை. கூரியர் கடைகளில் ‘வால்யூமெட்ரிக் வெயிட்’ என்று சொல்லப்படும் பருமன் எடை என்பது, பார்சல் வண்டியிலும் விமானத்திலும் அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிக் காட்டும் கணக்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் கிடைப்பது கிலோ கணக்கில் பருமன் எடை. இதுவும் உண்மையான எடையும் ஒப்பிடப்பட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்கப்படும். சில சேவைகளில் வகுக்கும் எண் வேறாக இருக்கும் என்பதால் ஒப்பந்தத்திலோ கட்டணப் பட்டியலிலோ அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

600 கிராம் எடையுள்ள சேலை ஒன்றை 40 × 30 × 15 செ.மீ. அட்டைப்பெட்டியில் வைத்தால் அதன் பருமன் எடை 3.6 கிலோ ஆகிவிடுகிறது. அதே சேலையை மடித்து 32 × 26 × 4 செ.மீ. அளவில் கிழியாத கூரியர் கவரில் இட்டால் 0.67 கிலோதான். சேலை அதேதான், தூரமும் அதேதான்; கூடிய கட்டணம் முழுவதும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குத்தான். மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டிகள் போன்ற இலேசான, இடம் பிடிக்கும் பொருள்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 30 × 30 × 25 செ.மீ. பார்சலாகக் கட்டப்பட்ட ஓலைப்பெட்டி ஒன்று தராசில் 600 கிராம் காட்டினாலும் கட்டணத்தில் 4.5 கிலோவாக எண்ணப்படும். சிறியதைப் பெரியதற்குள் வைத்து நான்கு பெட்டிகளை ஒரே தொகுதியாக விற்றால் அதே 4.5 கிலோ நான்கு பொருளுக்கும் பங்காகிறது. ஆகவே அனுப்பும் செலவைக் குறைக்கும் முடிவு, விலைப்பட்டியல் போடும்போதே எடுக்க வேண்டிய முடிவு.

தராசு ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசாக இருந்தால் நலம். கட்டணம் பெரும்பாலும் 500 கிராம் படிகளாக ஏறுவதால், 490 கிராம் சோப்புத் தொகுதியை 60 கிராம் பெட்டியில் வைத்தால் அடுத்த படியின் கட்டணம் விழும். எடையை எப்போதும் டேப், லேபிள், உள்ளே வைக்கும் பில் எல்லாம் சேர்ந்த பிறகே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே பார்சலை வீட்டுத் தராசிலும் அஞ்சல் அலுவலகத் தராசிலும் நிறுத்துப் பார்த்து வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது பிற்காலத் தகராறுகளைத் தவிர்க்கும்.

கண்ணாடிப் பாட்டில் அனுப்புபவர், பார்சல் வழியில் தலைகீழாகக் கிடக்கும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியை மூட்டை தூக்குபவர் ஒருவேளை படிக்கலாம், அஞ்சல் பைக்குள் அது யாருக்கும் தெரியாது. மூடிக்கு அடியில் தகட்டு முத்திரை, பாட்டிலைச் சுற்றி எண்ணெய் கசியாத பிளாஸ்டிக் உறை, அதன் மேல் பபிள் ராப், பெட்டியின் ஆறு பக்கமும் ஏறக்குறைய 5 செ.மீ. நிரப்பு என்பதே வரிசை. கட்டி முடித்த பெட்டியை ஆட்டிப் பார்க்கையில் உள்ளே ஏதேனும் நகர்ந்தால் நிரப்பு போதவில்லை என்று பொருள். பாட்டில்களுக்கு மூன்றடுக்கு அட்டையைவிட ஐந்தடுக்கு அட்டை பாதுகாப்பானது. நடுப்பிளவோடு இரு ஓரங்களையும் சேர்த்து ஒட்டும் முறையில் டேப் போட வேண்டும். சணல் கயிறு இயந்திரங்களில் சிக்குவதால் தவிர்ப்பது நல்லது.

எதை அனுப்பக்கூடாது என்பதில் வீட்டுத் தொழில் செய்வோர் அறியாமலே தவறுவதுண்டு. பட்டாசு வெடிபொருள் என்பதால் தீபாவளிப் பரிசுப் பெட்டியில் ஒரு மத்தாப்புக்கூட வைக்கக்கூடாது. இதை எல்லாரும் அறிவர். பூசைப் பொருள் தொகுதிகளில் சேரும் கற்பூரமும் தீப்பெட்டியும் எளிதில் தீப்பற்றும் பொருள்களாக வகைப்படுத்தப்பட்டவை, ஆகவே வான்வழிப் பார்சலில் இடம்பெறக்கூடாதவை என்பதைப் பலர் அறிவதில்லை. ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியமும் பவர் பேங்கும் இதே வகைச் சிக்கலைத் தருபவை. உணவுப் பொருளாயின் அதன் உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருப்பது சட்டத் தேவை.

முகவரி

அஞ்சல் குறியீட்டு எண்ணான பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் பார்சல் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தையும் குறிக்கும். 600017 என்றால் 600 சென்னையையும் 017 தியாகராய நகரையும் சுட்டுகின்றன. முதல் மூன்றில் பிழை நேர்ந்தால் பார்சல் வேறு ஊருக்குப் போய்த் திரும்பும். கடைசி மூன்றில் பிழை நேர்ந்தால் ஒரே நகருக்குள் ஓரிரு நாள் அலையும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் முகவரியை அப்படியே ஒட்டாமல், பின்கோடும் ஊரும் பொருந்துகின்றனவா என்று அஞ்சல் துறையின் தேடுபக்கத்தில் சரிபார்த்த பிறகே லேபிளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் இரண்டையும் கேட்டு வாங்குவது அவசியம்; ‘காந்தி நகர், 2ஆவது குறுக்குத் தெரு’ என்ற முகவரி பல ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருப்பதால் அருகிலுள்ள அடையாளமும் வேண்டும். கதவு எண்ணே இல்லாத கிராமத்து வீடுகளுக்கு, அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் துணைசெய்யக்கூடும். நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்து-எண் குறியீடு தரும் முறை அது; பின்கோடுக்கு மாற்றாக அன்றி, அதனோடு சேர்த்து எழுத வேண்டியது. பெறுநரின் கைப்பேசி எண் இல்லாத லேபிளை அச்சிடவே கூடாது.

லேபிள் அச்சிடுதல்

லேபிளின் வழக்கமான அளவு 100 × 150 மில்லிமீட்டர். சாதாரண பிரிண்டரில் ஏ4 தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட லேபிளை அச்சிட்டு வெட்டிக்கொள்ளலாம். நாளுக்குப் பத்துப் பார்சலைத் தாண்டினால், மை தேவைப்படாமல் வெப்பத்தால் அச்சிடும் தெர்மல் பிரிண்டர் வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். எதில் அச்சிட்டாலும் அச்சு அமைப்பில் ‘ஆக்சுவல் சைஸ்’, அதாவது நூறு விழுக்காடு என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தாளுக்கேற்பச் சுருக்கும் அமைப்பில் பார்கோட்டின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை ஸ்கேனர் படிக்காது. கோடுகளின் இருபுறமும் உள்ள வெற்றிடமும் பார்கோட்டின் பகுதியே என்பதால் அதை வெட்டிவிடலாகாது. பெட்டியின் விளிம்பில் மடியும்படியோ டேப் பிளவின் மேலோ லேபிளை ஒட்டாமல், பெரிய தட்டைப் பக்கத்தின் நடுவில் ஒட்ட வேண்டும்.

தீபாவளி விற்பனை உச்சத்திலிருக்கும் அதே வாரங்களில்தான் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. இங்க்ஜெட் மை நனைந்தால் கலைந்துவிடும். ஆகவே அத்தகைய லேபிளை ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு ஒட்டுவது நலம். தெர்மல் தாள் மழையைவிட வெப்பத்துக்கே அஞ்சும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது கறுத்துப்போகக்கூடும்; பளபளப்பான டேப்பை அதன் மேல் ஒட்டினால் ஒளி திரும்பி ஸ்கேனர் தடுமாறும். எனவே டேப்பை லேபிளின் ஓரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லேபிள் உரிந்து போனாலும் பார்சல் அனாதையாகாமல் இருக்க, இரு முகவரிகளும் எழுதிய சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைப்பது பழைய, இன்றும் பயன்தரும் வழக்கம்.

சொந்தமாகப் பார்கோடு வரிசை பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அஞ்சல் பார்கோடு எண் உலக அஞ்சல் ஒன்றியத்தின் தரப்படி 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு எட்டு இலக்க வரிசை எண், ஒரு சோதனை இலக்கம், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. சோதனை இலக்கம் என்பது முந்தைய எட்டு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 ஆனால் 0 என்றும், 11 ஆனால் 5 என்றும் கொள்ள வேண்டும். 12345678 என்ற வரிசைக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, எனவே சோதனை இலக்கம் 5; முழு எண் 123456785. எக்செல் தாளில் இதை இட்டுத் தொடர் எண்களாகக் கீழே நிரப்பினால் அடுத்ததாக 123456786 என்று வரும், அது செல்லாத எண். சரியான அடுத்த எண் 123456799 ஆகும். ஆகவே எட்டு இலக்கத்தை ஒரு நிரலிலும் சோதனை இலக்கத்தைச் சூத்திரமாக அடுத்த நிரலிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்படைத்தலும் அதன் பிறகும்

பார்சல்களை ஒப்படைக்கும்போது எண், பெறுநர், பின்கோடு, எடை ஆகியவை கொண்ட பட்டியலை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் தேதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்லும் ஊழியரிடமும் இதே நடைமுறை தேவை. லேபிள் அச்சிட்டதால் மட்டும் பார்சல் பதிவாகிவிடாது, முதல் ஸ்கேன் நடந்த பிறகே இணையத்தில் தடம் தெரியும். அதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு எண்ணை அனுப்பினால் ‘விவரம் இல்லை’ என்ற பதிலைக் கண்டு அவர் அழைப்பார். ரயில் நிலையங்களை ஒட்டியுள்ள, ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் அஞ்சல் சேவை அலுவலகங்கள் சிலவற்றில் வழக்கமான அலுவலக நேரத்துக்குப் பிறகும் விரைவு அஞ்சல் ஏற்கப்படுகிறது.

வெளிநாட்டுக்கு விற்பவர் முதலில் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணை, ஐ.இ.சி. எனப்படுவதை, 500 ரூபாய் கட்டணத்தில் இணையவழியே பெற வேண்டும். 2022 முதல் செயல்படும் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற அஞ்சல் ஏற்றுமதித் தளத்தில் ஏற்றுமதிப் பட்டியலையும் லேபிளையும் வீட்டிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள தமிழ் வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டுக்கொண்டாலும், விற்ற பொருளைப் ‘பரிசு’ என்றோ விலையைக் குறைத்தோ காட்டுவது பொய்யான சுங்க அறிவிப்பு ஆகும். அதில் கையொப்பமிடுபவர் அனுப்புநர்தான்.

திரும்பி வரும் பார்சல்கள் தவிர்க்க முடியாதவை. பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையில் விற்பவருக்கு அவை கூடுதலாகவே இருக்கும், போகவர இரு கட்டணமும் அவர் தலையில் விழும். வந்த பெட்டியை ஊழியர் முன்னிலையிலேயே படம் எடுத்து, திரும்பியதற்கான காரணக் குறிப்பைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதே பெட்டியை மறுபடி பயன்படுத்துவதாயின் பழைய லேபிளை முழுவதும் உரித்தோ, கறுப்பு மார்க்கரால் பார்கோட்டை அடித்தோ விட்ட பிறகே புதியதை ஒட்ட வேண்டும். இரண்டு பார்கோடு தெரிந்தால் ஸ்கேனர் எதைப் படிக்கும் என்பது தெரியாது, பழையதைப் படித்துவிட்டால் பார்சல் மறுபடி அனுப்புநர் வீட்டுக்கே வந்து நிற்கும்.