சொல்லாமல் விட்ட ஆபத்து



பிரசவத்தில் குழந்தைக்கு ஊனம் ஏற்பட்டால், மருத்துவரின் கை எங்கே பிசகியது என்று காட்டினால்தானே வழக்கு நிற்கும் என்று கேட்டிருந்தாய். சட்டம் படிக்கிற பலருக்கும் இதே நினைப்பு இருக்கிறது. செய்தித்தாள் தலைப்புகளும் இதையே ஊட்டி வளர்க்கின்றன. ஊசி மாறியது, ஆயுதம் தவறியது, வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்தது, இவை மட்டும்தான் கவனக்குறைவு என்றால் நடீன் மான்ட்கோமரி என்ற தாய் கடைசிவரை தோற்றிருப்பார். கீழே இரண்டு நீதிமன்றங்களில் தோற்கவும் செய்தார்.

ஸ்காட்லாந்துக்காரர் அவர். மூலக்கூறு உயிரியல் பட்டதாரி. தாயும் சகோதரியும் மருத்துவர்கள். சிறிய உடல்வாகு, இன்சுலின் போட்டாக வேண்டிய சர்க்கரை நோய். 1999-இல் முதல் பிள்ளையைச் சுமந்தபோது, குழந்தை பெரிதாக இருக்கிறதே, இயல்பாகப் பெற்றெடுக்க முடியுமா என்ற கவலையை மருத்துவரிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

கவலைக்குக் காரணம் இருந்தது. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்குத் தோள்பகுதி அகன்றிருக்கலாம். தலை வெளியே வந்தபின் தோள், தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இத்தகைய தாய்மார்களுக்கு 9 முதல் 10 சதவீதம். அப்படி மாட்டும்போது அறையில் நடப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு காலாக இரண்டு பேர் பிடித்து, முழங்காலை மடக்கி, தொடை வயிற்றில் அழுந்தும்படி தூக்குவார்கள். இன்னொருவர் அடிவயிற்றில், இடுப்பின் முன்னெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையால் அழுத்துவார். பெரும்பாலும் இதிலேயே தோள் விடுபடும். விடுபடாவிட்டால் தொப்புள்கொடி நசுங்கி மூளைக்கு ஆக்சிஜன் குறையும். இழுக்கிற இழுப்பில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துபோகவும் கூடும்.

இதில் ஒரு வார்த்தைகூட நடீனுக்குச் சொல்லப்படவில்லை. மருத்துவர் காரணத்தை நீதிமன்றத்தில் ஒளிக்கவில்லை. குழந்தைக்குப் பெரிய கேடு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது. சொன்னால் பெண்கள் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள். அது தாய்க்கு நல்லதில்லை என்றார். அவரைக் கொடியவராக எண்ணிவிடாதே. நம்பியதைச் செய்தார், அவ்வளவுதான். அக்டோபர் 1 அன்று தலை வெளிவந்ததற்கும் உடல் வெளிவந்ததற்கும் இடையே 12 நிமிடம் போயிற்று. குழந்தையின் எடை 4.25 கிலோ. மூளை முடக்குவாதம் நான்கு கைகால்களையும் பாதித்தது. ஒரு கையில் நரம்புச் சேதம் வேறு.

பிரசவத்தை நடத்திய விதத்திலும் தவறு உண்டு என்று வாதிட்டார்கள். முதல் நீதிமன்றம் ஏற்கவில்லை. கடைசியில் லண்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது, சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றுதான். உன் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் 1957-ஆம் ஆண்டின் போலம் வழக்கை நடத்தியிருப்பார்கள். பொறுப்பான மருத்துவர் குழு ஒன்று சரியென்று ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றினால் கவனக்குறைவில்லை என்ற விதி. கத்தி பிடிப்பதற்கு அது பொருந்தும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பதற்கும் அதையே அளவுகோலாக்கினால், மருத்துவர்கள் கூடி மௌனம் சாதிக்கிற ஊரில் மௌனமே முறையாகிவிடும். இதைச் சொல்லித்தராமல் போலத்தோடு பாடத்தை முடித்துவிடும் ஆசிரியர்கள் மீது கோபம் வருகிறது. 2015 மார்ச் 11 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தக் கதவை மூடினார்கள். அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் நியாயமான மனிதர் எந்த ஆபத்தைப் பொருட்படுத்துவாரோ, அதைச் சொல்லியாக வேண்டும் என்றார்கள். சொல்லியிருந்தால் நடீன் சிசேரியனைத் தேர்ந்திருப்பார் என்றும் ஏற்றார்கள். இழப்பீடு 52.5 லட்சம் பவுண்டு. அந்த ஏழு பேரில் ஒருவரான லேடி ஹேல் தனியாக எழுதிய பகுதியைத் தவறாமல் படி. சிசேரியன் தாய்க்கு நல்லதில்லை என்பது மருத்துவக் கணிப்பாகத் தெரியவில்லை, இயல்பான பிரசவமே ஒழுக்கத்தில் உயர்ந்தது என்ற எண்ணம் போலல்லவா இருக்கிறது என்று கேட்கிறார். நம் வீடுகளிலும் அந்த எண்ணத்துக்குக் குறைவில்லை.

சொல்லாமல் விடுவதைப் பற்றிப் பேசும்போது, மறைக்காமல் எழுதிய ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் நினைவுக்கு வருகிறார். வழக்குக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் இவரைத் தெரியாமல் இந்தத் துறைக்குள் நுழையக்கூடாது. அபர்டீன் நகரில் பிள்ளை பெற்ற பெண்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது, யாருக்கு யார் பிரசவம் பார்த்தார்கள் என்று அட்டவணை போட்டார். நோயைச் சுமந்து திரிவது பிரசவம் பார்ப்பவர்களே என்பது விளங்கிற்று. 1795-இல் அட்டவணையை மருத்துவச்சிகளின் பெயரோடு நூலாக அச்சிட்டார். பலருக்குத் தொற்றைக் கொண்டுசென்றவர்களில் தானும் ஒருவன் என்றும் எழுதினார். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கைகழுவச் சொன்னது இதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1847-இல். ஊரார் வெறுப்புக்கு ஆளான கார்டன் பின்பு கடற்படைக்குத் திரும்பினார். மறைக்க எல்லா வசதியும் இருந்தும் எழுதிவைத்த மனிதர். அவரை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

மீண்டும் சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் நிலைமை வேறு. 2008-இல் நம் உச்ச நீதிமன்றம், போதுமான தகவல் எவ்வளவு என்பதை மருத்துவ நடைமுறையை ஒட்டியே வரையறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில் ஒன்றை உறுதியாகச் சொன்னது. வயதுவந்த பெண் மயக்கத்தில் கிடக்கையில், அவசரம் ஏதுமில்லாமல், வெளியே நிற்கும் தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தது செல்லாது. பிரசவ வார்டுகளில் கணவனிடம் மட்டும் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை இத்தோடு வைத்துப் பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. திறமையாகப் பார்த்த பிரசவத்திலும் தோள் மாட்டும், நரம்பு அறும். விளைவு மோசம் என்பதாலேயே எவர்மீதும் குற்றம் விழாது.

ஆகவே நாளைக்கு ஒரு வழக்குக் கட்டு கைக்கு வந்தால், பிரசவ அறைக் குறிப்போடு நின்றுவிடாதே. கர்ப்பகாலச் சோதனைச் சீட்டுகளை வாரவாரியாக அடுக்கு. சர்க்கரை அளவு, ஸ்கேனில் குழந்தையின் எடை, அந்தப் பெண் என்ன கேட்டாள், எந்தத் தேதியில் என்ன பதில் கிடைத்தது என்று தேடு. 36-ஆவது வாரத்துக்குப் பிறகான பக்கங்களை முதலில் பார்.