மாறிக்குள் ஒரு கோப்பு

உயர்தரத்தில் பைதன் படிக்கும் சகோதரிகளுக்குக் கோப்பைத் திறந்து எழுதவும் வாசிக்கவும் மூடவும் தெரியும். அந்தக் கோப்பு வன்தட்டில் இருப்பது. வன்தட்டைத் தொடாமல், நினைவகத்திலுள்ள மாறி ஒன்றையே கோப்பாக நடத்தவும் பைதனில் வழியுண்டு. அதன் பெயர் ‘ஸ்ரிங்ஐஓ’.

கோப்பிலிருந்து புள்ளிகளை வரிவரியாக வாசித்துச் சராசரி காணும் செய்நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் கோப்பு உருவாக்கி அழிக்கத் தேவையில்லை. மூன்று வரிகளை ஸ்ரிங்ஐஓவில் இட்டுக் கொடுத்தால் போதும். செய்நிரல் அதையும் கோப்பென்றே வாசிக்கும்.

முதல் நாள் நான் எழுதிவிட்டு உடனே வாசித்தேன். ஒன்றும் வரவில்லை. எழுதி முடிந்த இடத்திலேயே சுட்டி நிற்கும். அதற்கப்பால் வாசிக்க என்ன இருக்கிறது? ‘சீக்’ கட்டளைக்கு 0 கொடுத்துச் சுட்டியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்த பின்பே வாசிக்க வேண்டும். ‘கெற்வல்யூ’ கேட்டால் சுட்டி எங்கே நின்றாலும் முழுவதும் கிடைக்கும்.

தமிழில் எழுதும்போதுதான் வேடிக்கை. எங்கள் மாவட்டப் பெயரையே எடுப்போம். ‘முல்லைத்தீவு’ என்பதில் எத்தனை எழுத்து என்று தமிழாசிரியையிடம் கேட்டால் 6 என்பார். ஸ்ரிங்ஐஓவில் எழுதினால் பைதன் 12 என்கிறது. யூனிகோட்டில் உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஓர் எழுத்தை மட்டும் வாசிக்கச் சொன்னால் ‘மு’ வராது, ‘ம’ மட்டுமே வரும். அதே பெயரை யூடிஎஃப்-8 ஆக்கிப் ‘பைற்ஸ்ஐஓ’வில் எழுதினால் 36. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைற்று. நான்கு பைற்று மட்டும் வாசித்து எழுத்தாக்க முயன்றால், இரண்டாம் குறியீடு நடுவில் வெட்டுப்பட்டு வழுச்செய்தி வரும்.

மின்சாரம் போனால் இந்தக் கோப்பும் போய்விடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அந்நாட்களில் ஒருநாள் உம்மம்மா சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருந்தேன்: 1990இல் வெளியேறுமுன் தண்ணீரூற்றில் இருந்த வளவுகளின், கிணறுகளின் பெயர்கள். நாற்பது பெயரளவில் ஸ்ரிங்ஐஓவில் சேர்ந்திருந்தன. மேசைக் கணினி அணைந்தது. மறுநாள் உம்மம்மாவுக்கு முப்பதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது பத்துப் பெயருக்கு ஒருமுறை, கெற்வல்யூ தருவதை வன்தட்டுக் கோப்பில் எழுதி மூடிவிடுகிறேன். திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுகிறேன். விட்டுவிட்டால் விண்டோஸ் கணினிகளில் பல தடவை தமிழை எழுதவே மறுத்துவிடுகிறது.