கழிக்கப்படும் கணிப்பொறிகளும் மறுபயன்பாடும்

அரசு அலுவலகங்களில் மேசைக் கணிப்பொறிகள் சில ஆண்டுகள் பயன்பட்ட பின் மாற்றப்படுகின்றன. பழையவை கிடங்கின் மூலையில் அடுக்கப்பட்டு, பின்னர் இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, மொத்தமாக ஏலத்திற்குச் செல்கின்றன. அவற்றுள் எவை பழுதடைந்தவை, எவை பழையவை மட்டுமே என்பது ஆராயப்படாமலே போவதுண்டு.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 217ஆம் விதி இதனைப் பற்றியதாகும். ஒரு பொருள் உபரி என்றோ, காலங்கடந்தது என்றோ, பயன்படுத்த இயலாதது என்றோ அறிவிக்கப்படலாம். ஆனால் அதற்கான காரணம் பதிவு செய்யப்பட வேண்டும். இம்மூன்றும் ஒன்றல்ல. மூன்றாவது நிலையை எய்திய கணிப்பொறியே மறுசுழற்சிக்கு உரியது. முதல் இரு நிலைகளில் உள்ளவை இன்னமும் உழைக்கக் கூடியவை.

உருக்கினால் இழப்பது என்ன?

மறுசுழற்சியின் வாயிலாகச் செம்பு, அலுமினியம், சிறிதளவு தங்கம் ஆகியவற்றை மீட்கலாம். ஆனால் சில்லுகளை உருவாக்கச் செலவான ஆற்றலை மீட்க இயலாது. ஒரு மேசைக் கணிப்பொறியையும் அதன் திரையையும் உற்பத்தி செய்யக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ இரசாயனங்களும், 1,500 கிலோ நீரும் தேவைப்பட்டன என ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு 2004ஆம் ஆண்டில் கணக்கிட்டது. எனவே, கணிப்பொறியின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டிப்பதே முதற்கண் செய்யத்தக்கது. மறுசுழற்சி அதற்கு அடுத்த படியாகும்.

புதுப்பிக்கும் முறை

பழைய கணிப்பொறி மந்தமாக இயங்குவதற்குப் பெரும்பாலும் இரு காரணங்கள் உண்டு: சுழலும் வன்தட்டு, போதாத நினைவகம். வன்தட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தி, நினைவகத்தை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.யாக உயர்த்தினால், எழுத்துப் பணிக்கும் இணையப் பணிக்கும் அது போதுமானதாகிவிடும்.

இயங்குதளம் பற்றிய சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியை வேண்டுவதால், நன்கு இயங்கும் பல பொறிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. இவற்றில் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நிறுவலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இவ்வகையைச் சேர்ந்ததே. கேரள அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெற்று வருகிறது.

கைமாற்றும் முன் தரவுகளை அழிப்பது அலுவலகத்தின் பொறுப்பு. கோப்புகளை நீக்குவதோ, வட்டை மேலோட்டமாக வடிவமைப்பதோ போதாது. சுழலும் வன்தட்டில் முழுமையாக மேலெழுத வேண்டும். திடநிலைச் சேமிப்பகத்தில் அதற்கென அமைந்த அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இவ்விரண்டும் இயலாதபோது மட்டுமே சேமிப்பகத்தை நொறுக்க வேண்டும்; அதற்காகப் பொறி முழுவதையும் அழிக்கத் தேவையில்லை.

சட்டத்தின் நிலை

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோரைப் போலவே புதுப்பிப்போரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும். புதுப்பித்ததற்கான சான்றிதழைப் பெறும் உற்பத்தியாளர் தம் மறுசுழற்சிக் கடமையை ஒத்திவைக்கலாம். நீட்டிக்கப்பட்ட ஆயுள் முடிந்தபின், ஒத்திவைத்த அளவில் 75 சதவீதமே அவர் கணக்கில் சேர்க்கப்படும். மறுபயன்பாட்டிற்குச் சட்டம் அளிக்கும் சலுகை இது.

எல்லைகள்

எல்லாப் பொறிகளையும் மீட்க இயலாது. ஈயம் கலந்த கண்ணாடிக் குழாய்த் திரைகள், தாய்ப்பலகை பழுதுற்றவை, பழுதுபார்ப்புச் செலவு விலையை மிஞ்சுபவை ஆகியன பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திற்கே செல்ல வேண்டும். இயங்காத பொறிகளைப் பள்ளிக்கு 'நன்கொடை' அளிப்பது கழிவை அங்கே தள்ளிவிடுவதாகவே முடியும்.

தில்லி மாநகரில் நேரு பிளேஸ் கடைகளில் பழைய கணிப்பொறிகள் செப்பனிடப்பட்டு மீண்டும் விற்பனையாகின்றன. அதே நகரின் சீலம்பூரிலோ, போதிய பாதுகாப்பின்றித் தொழிலாளர்கள் அவற்றைக் கையால் உடைத்துப் பிரிக்கின்றனர். ஒரு கணிப்பொறி எவ்வழியில் செல்லும் என்பது பெரும்பாலும் கழிக்கும் வேளையிலேயே தீர்மானமாகிறது. ஆகவே, கழிக்கும் குழு ஒவ்வொரு பொறியையும் இயக்கிப் பார்த்து, காரணத்தைத் தனித்தனியே பதிவு செய்து, உழைக்கக் கூடியவற்றைப் புதுப்பிப்போரிடமும் ஏனையவற்றை மறுசுழற்சி நிலையத்திடமும் ஒப்படைத்தல் இன்றியமையாததாகும்.