வலி நின்றால் நோய் போயிற்றா? மூட்டு வீக்கம் பற்றி ஒரு பாடம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். எங்களோடு நான்கு குழுக்களின் பிரதிநிதிகள் இருந்தார்கள். பஸ் வந்ததும் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் படிக்கட்டுக் கம்பியைப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்டார். "நீங்க போங்க மேடம். கை மடங்க மாட்டேங்குது. நான் அடுத்த வண்டியில வரேன்" என்றார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நாங்களும் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. தொட்டால் சூடு. "காலையில எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு இது என் கையே இல்ல. மாவு பிசைய முடியாது, ஊக்கு மாட்ட முடியாது. வேலை செய்யச் செய்ய கொஞ்சம் விடும்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மூன்று மாத்திரைகள். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. "செட் மாத்திரை மேடம். ஒரு வருஷமா இதாலதான் ஓடுது. போட்டா அரை நாள்ல வலி பறந்துரும்."

இந்த மாதப் பாடம் அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான். அதற்கு முன்னால், வீக்கம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

களை எடுக்கும்போது காலில் முள் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2000 வருடங்களுக்கு முன்பே ரோம் நாட்டு செல்சஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். முள் குத்திய இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் அதிகமாக வருகிறது. அதனால்தான் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் வழியாக நீரும் வெள்ளை அணுக்களும் கசிந்து வெளியே வருகின்றன. அதுதான் வீக்கம். வெள்ளை அணுக்கள் கிருமிகளைப் பிடித்து விழுங்குகின்றன. சண்டையில் செத்த அணுக்கள்தான் பெரும்பாலும் சீழாக வெளியே வருகின்றன.

இதைக் கண்டுபிடித்ததும் ஒரு முள்ளை வைத்துத்தான். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் மெக்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூடி நின்றன. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வீக்கம் என்பது நோய் இல்லை. அது உடம்பின் காவல் வேலை. வேலை முடிந்ததும் காவலர்கள் கலைந்து போக வேண்டும். கலையாமல் நின்றாலும், வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து அடித்தாலும்தான் தொல்லை.

கலையாமல் நிற்பதற்கு உதாரணம் நமக்கெல்லாம் தெரிந்த சிக்குன் குனியா. 2005 கடைசியில் ஆந்திராவில் தலைகாட்டி, 2006-ல் தமிழ்நாட்டிலும் பரவியது. அந்த ஒரு வருடத்தில் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்ததாகக் கணக்கு. கோழிக்கறி தின்றால் வரும் என்று நம் ஊர்களில் கறி வாங்காமல் இருந்ததும் நினைவிருக்கும். பாவம் கோழி, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! ஆப்பிரிக்காவில் மக்கோண்டே மக்களின் மொழியில் 'வளைந்து போவது' என்ற பொருளில் வந்த பெயர் அது. பரப்பியது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. ஆனால் சிலருக்கு மூட்டு வலி மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீடித்தது. காய்ச்சல் போன பிறகும் மூட்டுக்குள் அழற்சி அடங்கவில்லை என்பதுதான் காரணம்.

அந்த அக்காவும், "அப்ப வந்த காய்ச்சலோட மிச்சம்தான் மேடம்" என்றுதான் சொன்னார். நாங்களும் முன்பு ஒருமுறை அவரிடம், "வயசாகுதுல்லக்கா, எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்துங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அது எங்கள் தப்பு.

வயதால் வரும் தேய்மானத்தில், நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் இறுக்கம் இருந்தாலும் சீக்கிரம் விட்டுவிடும். இவருக்கோ தலைகீழ். தூங்கி எழுந்ததும் கை இரும்பாக இருக்கிறது, அசைக்க அசைக்க இளகுகிறது. அதுவும் இரண்டு கையிலும், சின்னச் சின்ன மூட்டுகளில். இப்படி ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் முடக்குவாதமா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் பாட்டிமார் சரவாங்கி என்பார்களே, அதுதான். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்குகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. விட்டுவிட்டால் எலும்பு அரித்து விரல்கள் கோணிவிடும். கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

"அப்ப எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா மேடம்? பவுடர் ஏதாவது வாங்கிக் குடிக்கவா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கொரோனாவுக்குப் பிறகு எல்லாப் பொட்டலத்திலும் எதிர்ப்பு சக்தி கூடும் என்று அச்சடித்து விற்கிறார்கள். இவருக்கு சக்தி குறையவில்லை. அது ஆள் தெரியாமல் அடிக்கிறது. அதைக் கூட்டி என்ன செய்வது?

இப்போது அந்த செட் மாத்திரைக்கு வருவோம். இப்படிப் பெயரில்லாமல் கொடுக்கும் செட்டில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் எழுந்து நடந்தார், ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய் வந்தார். உலகமே வியந்தது, 1950-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் ஊசியை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்து போட்டவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது. 2020-ல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகள் பலரின் உயிரைக் காத்ததும் ஸ்டீராய்டுதான். மறு வருடம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அளவில்லாமல் கொடுத்தபோது கருப்புப் பூஞ்சை வரக் காரணமானதும் அதுதான்.

ஸ்டீராய்டு செய்வது காவலர்களை மொத்தமாகத் தூங்க வைப்பது. அதனால் வலி நிற்கிறது. அந்த நேரத்தில் உள்ளே அடங்கிக் கிடக்கும் டிபி கிருமி விழித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டீராய்டு மாதக் கணக்கில் வெளியிலிருந்து வந்தால், நம் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துவிடும். திடீரென நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு என்று உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் பொட்டலத்தோடு போய், "இத்தனை மாதம் சாப்பிட்டேன்" என்று சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதேபோல, புதிதாகக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையோ ஊசியோ வேண்டாம்.

மறுவாரம் அக்காவைப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு, மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு, அழைத்துப் போனோம். பொட்டலத்தையும் கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். கடைசியில் சொன்னது எளிமையானது. கலங்கின ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் வைத்தால் வண்டல் படிகிற மாதிரி, குழாயில் ரத்தத்தை நிறுத்தி ஒரு மணி நேரத்தில் சிவப்பு அணு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளக்கிறார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும்.

முடக்குவாதம்தான் என்று உறுதியானது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் விஷம். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் சாப்பிடக் கூடாது, டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். இடையிடையே ரத்தமும் பார்க்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அரை நாளில் பறந்த வலிக்குப் பழகியவருக்கு அந்தக் காத்திருப்புதான் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டு முறை எங்களிடம் சண்டை போட்டார்.

அவர் குழுவின் கடன் பதிவேட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். ஒரே வருடத்தில் 'மருத்துவச் செலவு' என்று மூன்று கடன். எல்லாம் ஊசிக்கும் செட் மாத்திரைக்கும் போனது. கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் ஒருவரும் என்ன வைத்தியம் என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உங்கள் பதிவேட்டையும் அடுத்த கூட்டத்தில் புரட்டிப் பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் காலையில் அவர் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அக்கா வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பேனாவால் வட்டம் போடப்பட்டிருக்கின்றன. மாத்திரை நாள் மறக்கக் கூடாது என்று மகள் போட்டது.