தலைநகரின் வீடுகள் கற்பிக்கும் பாடம்

மாணவச் செல்வங்களே! கோலாலம்பூரைக் கண்டு திரும்புவோர் வானளாவிய கட்டடங்களின் உயரத்தையே முதலில் வியந்து பேசுவர். அவ்வியப்பு இயல்பே. எனினும், கண்டு களிப்பதோடு நில்லாமல், "இஃது ஏன் இவ்வாறு கட்டப்பட்டது?" என்றும் வினவுவோமாயின், ஒவ்வொரு கட்டடமும் நமக்கு ஆசிரியராகும். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கிள்ளான் சென்று, அங்கு இரயிலேறித் தலைநகரைச் சுற்றி வருவோம், வாரீர்!

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886ஆம் ஆண்டில் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. ஈயம் விளைந்த ஊரைத் துறைமுகத்தோடு இணைப்பதே அதன் நோக்கம். இன்று நாம் இறங்கும் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. அதனை அடுத்துள்ளதே பிரிக்பீல்ட்ஸ். 'செங்கற்களம்' என்பது இப்பெயரின் பொருள். 1881ஆம் ஆண்டில் பெருந்தீ மூண்டு, அத்தாப்பும் மரமுமாய் இருந்த கோலாலம்பூரை அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அதன்பின் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பணித்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் இங்குச் செங்கற் சூளைகள் அமைத்தார். பின்னர், இரயில் துறையில் உழைத்த நம் முன்னோர் பலர் இப்பகுதியிலேயே குடியேறினர்.

அச்செங்கல் யுகத்தின் கடைவீடுகளைப் பெட்டாலிங் தெருப் பகுதியில் இன்றும் காணலாம். முகப்பு குறுகியது, உட்புறமோ நெடியது. நடுவே வானம் நோக்கித் திறந்த முற்றம், வெளிச்சமும் காற்றும் தருகிறது. கீழே கடை, மேலே குடும்பம். வெயிலும் மழையும் படாமல் நடப்பதற்கு முன்புறம் 'அஞ்சடி' உண்டு. தெருக்கோடியில், 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற சான் குலத்தாரின் மண்டபம் நிற்கிறது. சீனாவின் பெருநகராகிய குவாங்சௌவிலும் அக்குலத்தாரின் பழைய மண்டபம் ஒன்று உண்டு. அந்நகரில் 600 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்த பின்னரும் அம்மண்டபம் போற்றிக் காக்கப்படுகிறது.

நம் தலைநகரிலும் அவ்வாறே பழமையும் புதுமையும் அருகருகே நிற்கின்றன. 1897இல் முடிவுற்ற சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு ஏறத்தாழ 41 மீட்டர் உயரமே. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமோ 88 மாடிகளுடன் 452 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. உயரத்தைத் தாங்குவது அடித்தளம். இக்கோபுரத்தின் அடித்தளத் தூண்களில் சில மண்ணுக்குள் 100 மீட்டருக்கும் மேலாக இறங்கியுள்ளன. சனவரி 2024இல் திறந்துவைக்கப்பெற்ற மெர்டேக்கா 118 கோபுரத்தின் உயரம் 678.9 மீட்டர். 1957இல் சுதந்திரம் பிரகடனப்படுத்தப்பட்ட மெர்டேக்கா அரங்கம் அதன் அருகிலேயே உள்ளது.

இரட்டைக் கோபுரத்தை விட்டு, 2020இல் திறக்கப்பட்ட சலோமா நடைப்பாலத்தின் வழியே கிள்ளான் ஆற்றைக் கடந்தால் கம்போங் பாருவை அடைவோம். இங்கே தூண்கள்மீது நிற்கும் மலாய் மரவீடுகளை இன்னும் காணலாம். வெள்ளம் வந்தால் தரைக்கு அடியில் ஓடிவிடும். வெப்ப நாளில் காற்று கீழிருந்தும் வரும். பழைய தச்சர்கள் மரத்துண்டுகளைப் பொருத்தி ஆப்பு அடித்தே வீட்டை இணைத்தனர். ஆதலின் வீட்டைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தவும் இயலும். கெடாவில் இருந்த பெங்குலு அபு செமான் என்பாரின் வீடு, 1990களில் இவ்வாறே பிரிக்கப்பட்டுக் கோலாலம்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. பழுதுபட்டிருந்த வீட்டை மலேசிய மரபுடைமைக் கழகம் சீர்செய்து காத்தது.

நிற்க. நம்மவர் வாழ்ந்த வீடு எது? தோட்டத்து லயமன்றோ! வரிசையாய் அமைந்த சிறு வீடுகள், முன்னே ஒரு திண்ணை, பின்னே புகை படிந்த அடுப்படி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் திரும்பிய தாத்தா பாட்டியர் அங்கேதான் பிள்ளைகளை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பினர். தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாற, லயங்கள் பல இடிந்து மறைந்தன. அவை வசதியான வீடுகள் அல்ல; அவற்றுக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், பெங்குலுவின் வீட்டைக் காக்க ஒரு கழகம் இருந்தது. கூலியின் வீட்டை நினைவில் வைக்க நாமன்றி யார் உளர்?

ஆகவே, மாணவர்காள், விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவீர்:

1. நீங்கள் வாழ்ந்த லயத்து வீட்டில் எத்தனை அறைகள்? எத்தனை பேர் வாழ்ந்தீர்கள்?
2. கூரை அத்தாப்பா, தகரமா? தண்ணீர் எங்கிருந்து வந்தது?
3. அவ்விடத்தில் இன்று என்ன இருக்கிறது?

கேட்டபின் அவ்வீட்டின் படத்தையும் வரைவீர். கோபுரத்தைக் கட்டுவதற்குக் கோடிக்கணக்கான பொருள் வேண்டும். ஒரு வீட்டை மறவாதிருக்க ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும்.