கொறங்காடு தரிசு அன்று

திருப்பூரில் பனியன் தொழிலதிபர்கள் கூடும் சபைகளிலும், மரம் நடும் விழாக்களிலும், கல்லூரி மேடைகளிலும் ஒரு வார்த்தை சலிக்காமல் சொல்லப்பட்டு வருகிறது: காங்கயத்திலும் தாராபுரத்திலும் பெரும் பரப்பு வெறுந் தரிசாகக் கிடக்கிறதாம், ஜேசிபி கொண்டு குழி பறித்து நெருக்கமாகக் கன்றுகளை நட்டுவிட்டால் வனம் உண்டாகி, மழை பெருகி, தொழில் பூமிக்குச் செய்த தீங்கெல்லாம் நிவர்த்தியாகிவிடுமாம். இதை இனியும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்க என்னால் இயலாது. உயிரோடிருக்கும் ஒன்றைப் பிணமென்று தீர்மானித்து அதன்மேல் மண்ணள்ளிப் போடும் காரியம் இது.

அந்த நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். முள்கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப்புல்லும் பல்வகைச் செடிகொடிகளும் தரையை மூடி நிற்க, இடைவிட்டு இடைவிட்டு வெள்வேல மரங்கள் நிழல் தர, காங்கயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் முறைவைத்து மேயும்படி கொங்கு நாட்டுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த மேய்ச்சற்காடு அது. கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலங் காய்களே கால்நடைக்கு ஆகாரம். அவை தின்று கழித்த விதைகளிலிருந்தே புதிய மரங்கள் முளைக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் பூமியில் இதைக் காட்டிலும் விவேகமான ஏற்பாட்டை எவரும் கண்டதில்லை.

இங்கே கன்றுகளை நெருக்கி நட்டால் என்ன நேரும்? வெயிலையே ஜீவாதாரமாகக் கொண்ட புல் நிழலில் நலிந்து மறையும். தரையில் கூடு கட்டும் கௌதாரியும் வானம்பாடியும் இடம் பெயரும். திறந்தவெளியில் ஓடித் தப்புவதையே தற்காப்பாகக் கொண்ட வெளிமானுக்குப் போக்கிடமிராது. அவினாசியை அடுத்த புதுப்பாளையம் பக்கத்தில் இன்றும் வெளிமான்கள் திரிகின்றன என்பதை இந்த மேடைப் பேச்சாளர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கரியமில வாயுவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் புல்வெளியின் பொக்கிஷம் மண்ணுக்கடியில் இருப்பதையும் அறியவேண்டும். வறட்சியிலும் தீயிலும் மேற்புறம் அழிந்தாலும் வேரிலும் மண்ணிலும் சேர்ந்த கரி பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஜேசிபி கிளறும்போதோ அதில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் 2030 வரையிலான காலத்தைச் சூழல் மீட்புத் தசாப்தமாக அறிவித்தது; அத்திட்டம் காடுகளோடு புல்வெளிகளையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது.

மழை பெருகும் என்பதும் வீண் நம்பிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இப்பிரதேசத்தின் விதியைச் சில ஏக்கர்க் கன்றுகள் மாற்றா. அதைப்போலவே, சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது என்பதும் கட்டுக்கதை. அதைக் களையவேண்டியதற்குக் காரணம், அது புல்லையும் நாட்டு மரங்களையும் நெருக்கி அழிப்பதே. நீர்நிலைகளின் கதையும் இதுவே. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது, ஆகவே அதை ஆழமாகத் தோண்டிச் சுற்றிலும் தோப்பு வைக்கலாம் என்கிறார்கள். சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு ஆழமற்ற நீரே வேண்டும். நட்ட மரம் தொழிலின் தீங்கை ஈடுசெய்யும் என்போர், நொய்யல் ஆற்றில் விழுந்த சாயநீரைத் தடுக்க 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லவேண்டியிருந்ததை நினைவுகூரட்டும். அதேபோல், பட்டறைக் கொதிகலனின் புகையையும் கொதிகலனிலேயே குறைக்கவேண்டும்.

மரம் வளர்ப்பதற்கு நான் விரோதியல்லன். 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' போன்ற முயற்சிகள் வீதியிலும் பள்ளியிலும் தோட்டத்திலும் வேம்பையும் புங்கையும் வளர்ப்பது போற்றத்தக்கது. ஆனால் கொறங்காட்டுக்கு உதவ விரும்புவோர் முதலில் வேலியைக் கவனிக்கட்டும். ஓணானுக்கும் கீரிக்கும் குருவிக்கும் புகலிடமான கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடும் வழக்கம் கிராமந்தோறும் பரவிவருகிறது. மழைக்கு முன் போத்து வெட்டி ஊன்றினால் வேர்விடும் கிளுவைக்கு நாற்றுப்பண்ணையும் வேண்டாம், தண்ணீர் லாரியும் வேண்டாம். விழாவுக்கும் விளம்பரப் பலகைக்கும் ஒதுக்கும் பணத்தை, கிளுவை வேலியைக் காத்து, மனையாக விற்காமல் மாடு மேய்க்கும் குடியானவனுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகையாகக் கொடுக்கத் தொழிலதிபர்கள் முன்வரட்டும்.