மின்காரும் மீட்டர் பெட்டியும்

மின்சாரக் காரைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி விலை. ஒரே மாடலின் பெட்ரோல் வண்டிக்கும் மின்வண்டிக்கும் ஆன்-ரோடு விலையில் மூன்று லட்சம் ரூபாய் வரை வித்தியாசம் வருவது சகஜம். மின்கார்களுக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், அந்தச் சலுகையின் எடை முன்புபோல் இல்லை. தமிழ்நாட்டில் 2023 மின்வாகனக் கொள்கை, சாலை வரியை 2025 இறுதிவரை முழுமையாகத் தள்ளுபடி செய்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு இது லட்சத்தைத் தாண்டும் தொகை என்பதால், வாங்கும் மாதத்தில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று இன்றும் சிலர் சொல்வார்கள். 80இஇபி என்ற அந்தப் பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு முடிந்துபோயிற்று.

அடுத்தது ஓட்டும் செலவு. “ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது” என்று ஷோரூமில் சொல்லும் கணக்கு தமிழ்நாட்டு வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இரு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஏறத்தாழ 1,200 ரூபாய் பில் வரும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் மின்கார், சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, இரு மாதத்தில் சுமார் 330 யூனிட் இழுக்கும். மொத்தம் 730 ஆகிவிடும். 500 யூனிட்டைத் தாண்டியதும் 200 யூனிட் வரையிலான மலிவுக் கட்டணம் பறிபோகும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று படியேறும். பில் 4,100 ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். ஆக, காருக்கான மின்சாரம் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். ஏற்கெனவே மூன்று ஏசி ஓடி ஆயிரம் யூனிட்டைத் தொடும் வீட்டில், காரின் யூனிட் எல்லாமே 11 ரூபாய்க்கு மேற்பட்ட படியில்தான் விழும்.

அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம்தான். நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார், நூறு ரூபாய்ச் சொச்சம் பெட்ரோல் விலையில் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய் தின்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சும்; மூன்று லட்சம் ஐந்தாண்டில் திரும்பிவிடும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். கூடுதலாகக் கொடுத்த அந்த மூன்று லட்சமும் கடனாக இருந்தால், முதலாண்டில் 9 சதவீத வட்டியே 27,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுப்பவர் பணத்தை மிச்சம் பிடிக்கவென்று மின்கார் வாங்குவதில் அர்த்தமில்லை. சத்தமில்லாத வண்டி பிடித்திருக்கிறது என்று வாங்கினால் அது வேறு விஷயம்.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டம் 2024இல் எம்ஜி வின்ட்சர் காரோடு பரவலாகப் பேசப்பட்டது. அறிமுகத்தின்போது காருக்கு 9.99 லட்சம், ஓடும் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை. வாடகையோடு மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். பெட்ரோலிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை. இத்தகைய ஒப்பந்தங்களில் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்காவது வாடகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் இரவில் வண்டி தன் இடத்தில் நின்று சார்ஜ் ஆகும் என்ற நம்பிக்கையில் போட்டவை. தெருவோரம் நிறுத்துபவருக்கும், குடியிருப்பில் பார்க்கிங் இல்லாதவருக்கும் பொது சார்ஜரே கதி. அங்கே யூனிட் இருபது ரூபாயை ஒட்டி வரும். மின்காரின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பெரும்பாலான சென்னை அடுக்ககங்களில் ஒரு வசதி உண்டு: எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்துப் பெட்டியில்தான் இருக்கும். சொந்த மீட்டரிலிருந்து சொந்த பார்க்கிங்குக்கு முப்பது நாற்பது அடி ஒயர் இழுத்தால் போதும். சிக்கல் பெரும்பாலும் ஒயரில் இருப்பதில்லை, அசோசியேஷன் கூட்டத்தில்தான் இருக்கும். காரை புக் செய்துவிட்டு அனுமதி கேட்பவர் மாட்டிக்கொள்வார்; எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு புக் செய்வதே முறை.

வீட்டில் அடுத்து வரும் தலைவலி எர்த். பழைய கட்டடங்களில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். மிக்சியும் பிரிட்ஜும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். காரின் சார்ஜர் ஓடாது. பிளக்கைச் செருகியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிவிட்டு நின்றுவிடும். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிப்பது புத்திசாலித்தனம். குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியதுமே பச்சை விளக்கு எரிந்த வீடுகள் உண்டு. சாதாரண 15 ஆம்ப் பாயின்ட்டில் 40 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்பப் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். கேட்கப் பயமாக இருந்தாலும், தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்று நான்கு மணி நேரமே போதும். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால், வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்ட மனு கொடுக்க வேண்டிவரும்.

ரேஞ்ச் பற்றிய சந்தேகம் நெடுஞ்சாலையில் உண்மையாகிறது. 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸானுக்கு ஏஆர்ஏஐ சான்றில் 489 கிலோமீட்டர். ஏசி போட்டு பைபாஸில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முந்நூறை எட்டுவதே பெரிது. வழியில் 80 சதவீதம் வரைதான் சார்ஜ் வேகமாக ஏறும். அதற்கு மேல் ஊர்ந்து செல்லும். சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர். வேகத்தைக் குறைத்தாவது திருச்சி வரை இழுத்துப் பார்ப்போம் என்று நினைப்பவருக்குத்தான் வியர்க்கும். அங்கே சேர்ந்தபோது 8 சதவீதம், சார்ஜரின் திரை இருண்டு கிடக்கிறது, பக்கத்துச் சார்ஜருக்கு வேறொரு ஆப், அதற்கு ஓடிபி வரவில்லை என்ற அனுபவம் பலருக்கும் ஒருமுறையாவது வாய்த்திருக்கும். 40 சதவீதம் மிச்சமிருக்கும்போதே விழுப்புரம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் டிபனுக்கு நிறுத்தி ஏற்றிக்கொண்டால், அந்தச் சார்ஜர் கெட்டிருந்தாலும் அடுத்ததற்குப் போகத் தெம்பு இருக்கும். மூன்று நான்கு ஆப்களில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருப்பது அவசியம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் ஊருக்குக் கிளம்புபவர் வரிசைக்கென்று ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்க வேண்டும்.

மலைப்பாதையின் கணக்கு வேறு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுவது சுமார் 1,800 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே எட்டு யூனிட்டுக்கு மேல் ஆகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் கணிசமான பங்கைத் திருப்பித் தரும். ஆகவே மேலே ஹோட்டலில் இலவச சார்ஜிங் இருக்கிறதென்று 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியில் அந்த மின்சாரம் போக இடமிருக்காது. ரீஜென் எனப்படும் அந்த மோட்டார் பிரேக் பிடிக்காமல், கொண்டை ஊசி வளைவு முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. பேட்டரி மாற்றச் சில லட்சங்கள் ஆகும் என்பதால் பழைய மின்காரை வாங்குபவர் விலையை அடித்துக் கேட்பார். மறுவிற்பனை இழப்பையும் முதல் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

மழை பற்றிய பயத்தில் பாதி நியாயம். பெரும்பாலான பேட்டரிப் பெட்டிகளின் ஐபி67 தரம் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். சாலையில் தேங்கிய நீரைக் கடப்பதற்கு அது போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் நடந்ததுபோல பேஸ்மென்ட்டில் நாள்கணக்கில் ஊறுவதற்கு அது உத்தரவாதம் ஆகாது. அதற்கு இன்சூரன்ஸில் பேட்டரிக்கான தனிக் காப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. மின்காரிலும் பழைய 12 வோல்ட் பேட்டரி உண்டு. பூட்டு, விளக்கு, கணினி எல்லாம் அதில்தான் விழிக்கும். மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் வண்டி பிணம்போலக் கிடக்கலாம். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, கையேட்டில் காட்டியபடி அந்தச் சின்ன பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் எழுந்துவிடும். அப்படியும் எழவில்லை என்றால், நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். மோட்டார் இணைந்த சக்கரங்களைத் தரையில் உருட்டி இழுத்தால் மோட்டார் கெட்டுவிடும்.